மாமி வார்க்க வேண்டிய தண்ணீர்

அறுபதுகளின் நடுவில் மட்டக்களப்பில் மாதர் சங்கம் ஒன்று, ஏழைப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க இலவச விடுதி நடத்தியது. வாவிக்கு அப்பால், படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். தோணியேறிப் போய், தாய்மாரிடம் பேசி, பிள்ளைகளை அழைத்து வருவது என் வேலை. நீந்தத் தெரியாத என்னிடம் இதை ஒப்படைத்த புண்ணியவதி யாரோ! ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் போவேன்.

ஒரு கிராமத்தில் ஒரே ஒரு தாய் சம்மதித்தாள். ஆனால் அந்தப் பக்கத்தில் தாய்மாமன் சொல்தான் சொல். அவளுடைய தமையன் விறகு கொத்திக்கொண்டிருந்தார்; பேசும்போதும் கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"பெரிய புள்ளயாகிற மட்டும் படிக்கட்டும். ஆகினா அண்டைக்கே கொண்டந்து விடோணும். இல்லாட்டி உங்கட விடுதி இருக்காது."

"ஓம்" என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அந்த வருடமே பிள்ளை பெரியவளானாள். சொன்னால், தண்ணீர் வார்த்துச் சடங்கு செய்து வீட்டுக்குள் இருத்திவிடுவார்கள், படிப்பு அவ்வளவுதான். மறைத்தால் மாமன் வந்து நிற்பார். பிள்ளை மூலையில் குந்தியிருந்து, "டீச்சர், மாமாக்குச் சொல்லாதீங்க" என்று அழுதாள். தாயிடமாவது சொல்லத்தானே வேண்டும்? தோணியேறினேன். அன்று கண்ணை மூடவில்லை. கவிழ்ந்தாலும் நல்லது என்றிருந்தது.

நல்லவேளையாகத் தமையன் வயலுக்குப் போயிருந்தார். நான் சொன்னதைத் தாய் முழுவதும் கேட்டாள். பிறகு மளமளவென்று ஓலைப்பெட்டியில் நல்லெண்ணெய், முட்டை, மஞ்சள், ஒரு புதுச் சீலை எல்லாம் எடுத்து வைத்தாள்.

"இஞ்ச கொண்டந்தா அண்ணன் மறுகா படிக்க விடமாட்டார். அங்கயே தண்ணி வாப்பம்."

விடுதிக் கிணற்றடியில் பிள்ளையை இருத்தினோம். முதல் தண்ணீரை மாமிதான் வார்க்க வேண்டும். அதாவது அந்தத் தமையனின் மனைவி. அவளை எப்படிக் கூப்பிடுவது? தாய் என்னைப் பார்த்தாள்.

"தங்கச்சி, இண்டைக்கு நீ எனக்கு மச்சாள், புள்ளைக்கு மாமி. வாரு."

நானோ சிலுவை போட்ட வேதக்காரி, கல்யாணமும் ஆகாதவள். நாளைக்கு இது தெரியவந்தால் ஊர் என்னை என்ன செய்யும்? செம்பு கையில் நில்லாமல் ஆடியது. பாதித் தண்ணீர் என் சேலையில்தான் கொட்டியது.

"நடுங்காத கா. நானும்தான் நடுங்குறன்" என்றாள் தாய்.

தாய் திரும்பித் தோணியேறும்போது கேட்டேன்: "அண்ணனுக்கு என்ன சொல்லுவீங்க?"

"வீடு என்ட அம்மா எனக்குத் தந்த சீதனம். அவர் ஆர் என்னை வெளிய போகச் சொல்ல?"

வாய்தான் அப்படிச் சொன்னது. உதடு வெளுத்துப் போயிருந்தது.

அதற்குப் பிறகு விடுதிப் படலை திறக்கும் சத்தம் கேட்டாலே ஜன்னலோரம் போய் நிற்பேன். மாமன் வரவேயில்லை. அடுத்த வாரம் தாய்தான் வந்தாள். நெற்றியைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவள் என்னைத் தாண்டி விடுதிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"விழுந்திட்டன், மச்சாள். புள்ள படிக்கிறாளா?"