சொல்லிவிட்டுப் போகிறவள்

குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாய்மார்களைத் தையல்காரி நிறையப் பார்த்திருக்கிறாள். கன்னத்தில் ஒரு முத்தம், "சமத்தா இரு" என்று ஒரு வார்த்தை, அப்புறம் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். மாடி வீட்டு சிஸ்டர் மட்டும் அப்படிப் போக மாட்டாள். ஷிஃப்ட் முடிந்து போகும் நர்ஸ், அடுத்து வரும் நர்ஸிடம் நோயாளிகளைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லி ஒப்படைப்பார்களே, ஹேண்டோவர் என்று, அதைக் குழந்தையை விட வரும் இந்தத் தையல்காரி வாசலிலும் நின்று நடத்துவாள்.

"ராத்திரி லேசா இருமினா, சளி இல்ல. பால் பாதிதான் குடிச்சா. முட்டியில சிராய்ப்பு, மருந்து போட்டாச்சு. பென்சில் தொலைஞ்ச துக்கத்துல இருக்கா, அந்தப் பேச்சை எடுக்காதீங்க."

"நான் உன் பிள்ளையைப் பாத்துக்கறேனா, வார்டைப் பாத்துக்கறேனா?" என்று ஆரம்பத்தில் தையல்காரி நொடித்தாள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "விட்டுட்டுப் போறது தப்பில்லக்கா. சொல்லாம விட்டுட்டுப் போறதுதான் தப்பு."

அவள் புருஷன் அப்படித்தான் போனான், குழந்தை தவழ்கிற வயதில். அவனைத் திட்டி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. திட்டுவதற்கு நேரம் ஏது? ஒரு வாரம் காலை டியூட்டி, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். நைட் முடித்து வந்தால் குழந்தைக்குத் தலை பின்னிப் பள்ளியில் விட வேண்டும், மதியம் அழைத்துவர எழுந்துவிட வேண்டும். இடையில் அவள் தூங்குவதைத் தூக்கம் என்று சொன்னால் தூக்கமே கோபித்துக்கொள்ளும். இத்தனைக்கும் நடுவில் அந்தக் குழந்தை கசங்கிய சட்டையோடு போய்த் தையல்காரி பார்த்ததே இல்லை. சட்டை விஷயத்தில் அவள் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது. வாய்விட்டுச் சொன்னதில்லையே தவிர, அந்தப் பெண்ணிடம் அவளுக்கு அப்படி ஒரு மரியாதை.

ஆனால் மரியாதை வந்து துணி தைக்குமா? பள்ளி திறக்கப் போகிறது, யூனிஃபார்ம் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. விடுமுறை என்பதால் குழந்தை பகலிலும் பாதி நேரம் இங்கேதான். வாலு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? சாக்பீஸை ஒளித்து வைப்பாள், நூல்கண்டை உருட்டி விடுவாள். இனி முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடத் தையல்காரி முடிவு செய்தாள். சிஸ்டருக்கு வேறு ஆள் கிடையாது. நைட் பார்க்க முடியாத நர்ஸுக்கு அந்த ஆஸ்பத்திரியில் வேலையும் கிடையாது. இரண்டும் தெரிந்ததால்தான் பேச்சு நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது.

அன்று காலை நைட் முடிந்து சிஸ்டர் குழந்தையை அழைத்துப் போக வந்தபோது, "உள்ள வா, ஒண்ணு பேசணும்" என்று கூப்பிட்டே விட்டாள். அந்த நேரம் பார்த்து அளவு கொடுக்க ஒருத்தி வந்தாள். அவளை அனுப்பிவிட்டுத் திரும்பினால், சிஸ்டர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே துணி மூட்டையில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள்.

எழுப்பக் குனிந்தாள். வாலு குறுக்கே வந்து நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"பெரியம்மா, அம்மா இன்னும் சாப்பிடல. நேத்து பகல்லயும் தூங்கல, எனக்கு வயித்து வலி. கால் வீங்கியிருக்கு, உசரத்துல வைக்கணும். மிஷின் சத்தம் கேட்டா எழுந்துடுவாங்க. நான் வாசல்ல விளையாடப் போறேன். நீங்க பாத்துக்கறீங்களா?"

தையல்காரி நிமிர்ந்தாள்.

"பாத்துக்கறேன். போ."

சிஸ்டரின் கால்களைத் தூக்கி ஒரு துணிக்கட்டின் மேல் வைத்தாள். மிஷினை மூடிவிட்டு, ஊசியை எடுத்துக் கையாலேயே பட்டன் தைக்க உட்கார்ந்தாள்.

மதியம் தாண்டி சிஸ்டர் பதறி எழுந்தாள்.

"பதறாதே. நல்லா தூங்கின. நடுவுல ஒரு தடவை யாரையோ ஊசி போட்டுக்கச் சொல்லி அதட்டின. கால் வீக்கம் வடிஞ்சிருக்கு. வாலு சாப்பிட்டாச்சு. உனக்குத் தட்டுல மூடி வெச்சிருக்கேன்."

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்துத்தான் நினைவு வந்தது.

"ஏதோ பேசணும்னீங்களேக்கா?"

"ஆமா. இன்னிக்கும் நைட்தானே?"

"ஆமாக்கா."

"வாலுவோட போர்வை குட்டையாயிடுச்சு, கால் வெளிய வருது. நீளமா ஒண்ணு தைக்கணும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."