கத்தரிக்குத் தெளித்த மருந்து

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, பொங்கல் முடிந்து சில வாரங்கள் இருக்கும். அச்சுவேலிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது, உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். படித்தாள் என்றுதான் பெயர். பள்ளிக்கூடம் ஒரு நாள் நடந்தால் இரண்டு நாள் நடக்காது. குண்டு போடும் விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் கலைந்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அப்படி வீட்டில் நின்ற நாட்களில்தான் அவள் பின்வளவில் தோட்டம் போடத் தொடங்கினாள். யூரியாவுக்கு அரசாங்கத் தடை. பூச்சிகொல்லி எந்தக் கடையிலும் இல்லை. பரம்பரைத் தோட்டக்காரர்களே கையைப் பிசைந்துகொண்டு நின்ற காலம் அது. இவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. வேலியிலிருந்து கழற்றிய பழைய பனையோலையை வெட்டி மண்ணுக்குள் தாட்டாள். அதற்குமேல் பூவரசங்குழை. அதற்குமேல் ஆட்டெரு. ஆட்டெரு சேர்க்கும் வேலை எனக்கு. அலுவலகத்தால் வரும்போது தெரிந்தவர் வீடுகளில் சாக்குப் பையை நிரப்பிக்கொண்டு வருவேன். கோப்புகள் இருந்த பையும் எருப் பையும் ஒரே சைக்கிள் கரியரில் வரும். ஒழுங்கையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான்.

பூச்சிக்கும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சேர்த்து வைத்திருந்த வேப்பங்கொட்டையை இடித்து, உள்ளிப்பூண்டும் அரைத்துப் போட்டு, வாளியில் ஊறவைத்து, வேப்பங்குழைக் கட்டை அதில் தோய்த்துத் தெளிப்பாள். குசினிவரை நாறும். என் மனைவி வாசலில் நின்று, "கறிக்கு இல்லாத உள்ளி கத்தரிக்கோ?" என்று கேட்பாள். எங்கள் ஊரில் பூச்சிகொல்லியையும் மருந்து என்றுதான் சொல்வோம், வைத்தியர் தருவதையும் மருந்து என்றுதான் சொல்வோம். அதனால் மகளின் அந்த வேப்பந்தண்ணீருக்கும் வீட்டில் மருந்து என்றே பெயர் விழுந்துவிட்டது. "மருந்து தெளிச்சாச்சோ?" "ஓம், நாளைக்கு ஆயலாம்." இப்படித்தான் பேச்சு நடக்கும். தெளித்த அடுத்த நாள் காய்களை ஆய்ந்து, கழுவிச் சமைப்போம்.

எனக்கு அந்தத் தோட்டம் வெறும் தோட்டம் அல்ல. அந்த நாட்களில் காலையில் பள்ளிக்கென்று வெளிக்கிட்டுப் போன பிள்ளைகள் பலர் மாலையில் திரும்பி வரவில்லை, இயக்கத்தில் சேரப் போய்விட்டார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டில் அது நடந்தது. போனவர்கள் நல்ல பிள்ளைகள், தாய் தகப்பனோடு பாசமானவர்கள். எவராவது ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருந்தால் நான் கொஞ்சம் தைரியமாக இருந்திருப்பேனோ தெரியாது. நான் அலுவலகத்தால் திரும்பும்போது முதலில் கிணற்றடியைத்தான் பார்ப்பேன். அவள் வாளியோடு நின்றால் மூச்சு வரும். பாத்தி இருக்கும்வரை பிள்ளை இருப்பாள் என்று எனக்குள் ஒரு கணக்கு.

அந்த நேரம் பார்த்துக் கத்தரிக்குப் புழு விழுந்தது. பூவுக்குள்ளும் காய்க்குள்ளும் துளை. வேப்பந்தண்ணீருக்கு அது அடங்கவில்லை. மகள் ஒவ்வொரு செடியடியிலும் குந்திப் புழுவைக் கையால் பொறுக்கினாள். ஒருநாள் மாலை வந்து பார்த்தபோது படியில் சும்மா குந்திக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி இருந்தாள். என்ன பிள்ளை என்று கேட்டேன். "ஒண்டுமில்லையப்பா, அலுத்துப் போச்சு" என்றாள். வேறு யாருக்கும் அது சாதாரணச் சொல். எனக்கு அது, அவளும் போகப்போகிறாள் என்று கேட்டது.

என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் தடைக்கு முந்திய பூச்சிகொல்லி கொஞ்சம் இருந்தது. கெஞ்சி ஒரு சின்னப் போத்தல் வாங்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலை மகள் ரியூசன் வகுப்புக்குப் போன பிறகு, அவளுடைய அதே வாளியில் அதைக் கலந்து, அதே வேப்பங்குழைக் கட்டால் முழுப் பாத்திக்கும் தெளித்தேன். அவளிடம் சொல்ல வெட்கம். "எங்கடை தோட்டத்திலை நஞ்சு இல்லை" என்று அவள் சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தது எனக்குத் தெரியும். புழு செத்தால் அவளுக்கு உற்சாகம் வரும், பத்து நாள் ஒருவரையும் ஆயவிடாமல் ஏதாவது சாட்டுச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். மனைவி கிணற்றடியில் நின்று கேட்டதற்கு, "மருந்து தெளிச்சனான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். சாட்டை யோசித்து வைக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்ணெண்ணெய் தேடிச் சந்தைப் பக்கம் போனேன். அலைந்து கிடைக்காமல் பதினொரு மணிபோல் திரும்பி வந்தால், மனைவி சிரித்த முகத்தோடு நிற்கிறாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை மகள் புழு எல்லாம் செத்துப் போச்செண்டு துள்ளிக்கொண்டு நிண்டவள். காய் முழுக்க ஆய்ஞ்சு ஒரு உரப்பை நிறையக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போட்டாள். அங்கை இருக்கிற சனத்துக்குச் சமைக்கவாம்."

கீரிமலைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தன. பொதுச் சமையல். முப்பது பிள்ளைகளுக்குக் குறையாது.

குசினிக்குள் பார்த்தேன். எங்களுக்கென்று வைத்துவிட்டுப் போன ஆறு கத்தரிக்காய் நறுக்கித் தட்டத்தில் இருந்தது. "தொடாதையும். கையைக் கழுவும்" என்று கத்தினேன். "நீங்கள்தானே மருந்து தெளிச்சனீங்கள்? கழுவினால் சரிதானே?" என்று அவள் கேட்டாள். சைக்கிளை எடுத்தேன்.

ஒன்றரை மைல் தூரம். வழியில் ஒருதரம் செயின் கழன்றது. அதைப் போட முடியாமல் உருட்டிக்கொண்டு ஓடி, பிறகு நின்று போட்டு, மறுபடி மிதித்து எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இப்போதும் சரியாக நினைவில்லை. வாசலுக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் வரிசையாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் இருந்தது நாலைந்து வயதுச் சின்னப் பெண் ஒருத்தி. சோற்றில் ஏதோ குழைந்த கறி. அவள் அதை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். நான் ஓடிப்போய் அந்தத் தட்டைத் தட்டிவிட்டேன்.

தட்டு சீமெந்து நிலத்தில் உருண்டு போனது. சோறு எல்லாம் மண். பிள்ளை வாயைத் திறந்து, ஒரு கணம் சத்தம் வராமல், பிறகு வீறிட்டு அழுதாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் அகப்பையோடு என் மகள் நின்றாள்.

"அப்பா! என்ன செய்யிறியள்?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "கத்தரிக்காய்..." என்றேன். சமையலுக்குப் பொறுப்பாக நின்ற பெண், ஐம்பது வயது இருக்கும், கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு விறுவிறென்று வந்தார்.

"ஐயாவுக்கு வெயில் தலையிலை அடிச்சுப் போட்டுது. பிள்ளை, நீ சோத்தைப் போடு. அண்ணை, இஞ்சாலை வாங்கோ, தண்ணி குடியுங்கோ" என்று என் கையைப் பிடித்துச் சமையல் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே குரலைத் தாழ்த்தினார்.

"அது பூசணிக்காய். உங்கடை கத்தரிக்காய் இல்லை."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அவர் வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டக்காரி. பையை அவிழ்த்தவுடனேயே மணம் பிடித்துவிட்டாராம். "எத்தினை வருசம் என்ரை மனுசனுக்கு மருந்துத் தாங்கியிலை தண்ணி நிரப்பிக் குடுத்தனான். எனக்கு உந்த மணம் தெரியாதோ?" என்றார். எல்லாக் காயையும் கிடங்கு கிண்டித் தாட்டு, ஆடு மாடு கிளறாமல் மேலே கல்லும் வைத்துவிட்டார். என் மகளிடம், காய் பின்னேரச் சமையலுக்கு இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பிள்ளை என்ன சந்தோசமாத் தூக்கிக்கொண்டு வந்தது தெரியுமே? அதுக்கு ஒண்டும் தெரியாது எண்டு முகத்திலையே தெரிஞ்சுது. நான் சொல்லேல்லை. அதைச் சொல்லுறது என்ரை வேலையில்லை, அண்ணை."

நான் அழுதேன். அவர் அதற்கும் விடவில்லை. "இப்ப அழுது என்ன? போய் முகத்தைக் கழுவுங்கோ. பெடிச்சி பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

திரும்பி வரும்போது மகள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். பசித்த பிள்ளையின் சோற்றைத் தட்டிவிட்ட மனிதனோடு என்ன கதைப்பது என்று அவள் நினைத்திருப்பாள். தோட்ட வெளி வந்ததும் நான் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல் வாங்கியது, அவளுடைய வாளியில் கலந்தது, சமையற்காரப் பெண் கத்தரிக்காயைத் தாட்டது, எல்லாம்.

அவள் முகம் வெளிறிப் போனது. கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"தோட்டம் அழிஞ்சால் உனக்கு மனம் விட்டுப் போகும். பிறகு... மற்றப் பிள்ளையள் மாதிரி நீயும் போயிடுவாயோ எண்டு பயந்தனான்."

அதுவரை அந்தப் பயத்தை நான் வீட்டில் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, அழுகையும் சிரிப்புமாக, "அப்பா, கத்தரிக்காய்க்காகவோ நான் வீட்டிலை நிக்கிறன்?" என்றாள்.

அவளே சைக்கிளைத் திருப்பினாள். அந்தச் சின்னப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்காமல் வீட்டுக்கு வரமாட்டாளாம். மறுபடி போனோம். சமையற்காரப் பெண் தன் பங்குச் சோற்றை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தார். என்னைக் கண்டதும் பிள்ளை தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். நான் குந்தியிருந்து, "மாமா பிழை விட்டிட்டன், குஞ்சு" என்றேன். அவளுடைய தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயப்பிடாதேங்கோ ஐயா, இனித் தட்டிவிட அதிலை ஒண்டுமில்லை. நக்கியே முடிச்சிட்டாள்" என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கத்தரிச் செடிகள் முழுவதையும் அடுத்த நாள் பிடுங்கினோம். மகள் அந்தப் பாத்தியை அந்த வருடம் முழுக்கச் சும்மா விட்டாள். சமையற்காரப் பெண் இரண்டு மூன்று தரம் வீட்டுக்கு வந்து, வேறு இடத்தில் பாத்தி பிடித்து, அடுப்புச் சாம்பலை எந்த நேரம் தூவுவது, புழு விழுந்த கொழுந்தை எந்த இடத்தில் கிள்ளி எறிவது என்று காட்டித் தந்தார். என்னைக் கண்டால், "அண்ணை, கையிலை போத்தில் கீத்தில் இருக்கோ?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த இரவுகளில் நித்திரை வராமல் முப்பது தட்டுகளை எண்ணிக்கொண்டு கிடந்தது நான் மட்டும்தான்.

இரண்டு வருடமாகிவிட்டது. மகள் இப்போது பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். தோட்டம் இருக்கிறது, நஞ்சு இல்லாமலே இருக்கிறது. ஒரு போகம் காய்க்கிறது, ஒரு போகம் புழு தின்கிறது. அவள் வரப் பிந்தினால் இன்றைக்கும் நான் படலைக்கும் கிணற்றடிக்கும் நடக்கிறேன். வந்ததும், "பிள்ளை, நான் நல்லாப் பயந்துபோனன்" என்று அவளிடம் சொல்லிவிடுகிறேன். அவள், "தெரியுமப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட இருக்கிறாள். பயம் என்னை விட்டுப் போகவில்லை, போகும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் வாய்க்குள்ளேயே வைத்திருந்த என் பயம், எனக்குத் தெரியாத முப்பது பிள்ளைகளின் சோறுவரைக்கும் போய்விட்டதைப் பார்த்த பிறகு, அதை நான் ஒரு நாளும் தனியே வைத்திருப்பதில்லை.