கடைக்கு வந்த போன்

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில் ஒரு கன்சல்டன்ஸி. அங்கிருந்தவர் எனக்கும் என்னைப் பெற்ற அத்தாவுக்கும் மூன்று நாட்டு விசாக்களைப் புடவை விரிப்பதுபோல் விரித்துக் காட்டினார். அமெரிக்கா என்றால் நேர்காணல் உண்டு. பிரிட்டனில் முதுகலை ஒரே வருடத்தில் முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவுக்கு அநேகமாக நேர்காணல் இருக்காது. படிப்புச் செலவை ஏற்பவரைப் போனில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். என்னை ஓர் அதிகாரி முன்னால் நிறுத்த அத்தாவுக்கு மனமில்லை. ஆஸ்திரேலியா என்று முடிவானது. அத்தாவும் அவர் தம்பியும், அதாவது என் சாச்சாவும், பம்மலில் சேர்ந்து நடத்திய தோல் கடையின் நம்பரைக் கொடுத்தோம்.

விஷயம் வெளியே போகக் கூடாது என்றார் அம்மா. எங்கள் வீட்டில் கண்ணேறுக்கு அவ்வளவு பயம். மாசமாக இருப்பதையே வயிறு தெரிந்த பிறகுதான் ஒப்புக்கொள்ளும் குடும்பம். சாச்சாவிடமாவது சொல்லலாமே என்றேன்.

"விசா வரட்டும். மொதல்ல அவனுக்குத்தான் சொல்லுவேன்," என்றார் அத்தா.

அதுவரை கடை போனை அவரே எடுத்தார். மத்தியானம் வீட்டுக்கு வருவதையும் விட்டுவிட்டார். டிபன் கேரியர் கடைக்குப் போனது. ஒருநாள் மட்டும் சரக்கு விஷயமாகப் படப்பைக்குப் போக வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் சாச்சா கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

"எவனோ போன் பண்ணி, உங்க வூட்டுப் பொண்ணு ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போவுதான்னு கேக்கறான் அண்ணே. வர்ற சம்பந்தத்தைக் கலைக்கறதுக்குன்னே இப்டி கெளப்பிவுட்டுகினு கீறானுங்க. எங்க பொண்ணு எங்கயும் போவல, வைய்யா போனைன்னு வுட்டேன் டோஸு."

அத்தா தம்பிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "டீ குடிச்சிட்டுப் போ," என்றார்.

மறுநாளே அத்தா கன்சல்டன்ஸிக்கு ஓடிப்போய் விளக்கம் எழுதி அனுப்பினார். பலிக்கவில்லை, விசா மறுக்கப்பட்டது. சாச்சா மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை. எனக்காகச் சண்டை போட்டவர் அவர். யார் யாருடைய கண்ணுக்கோ பயந்து கூடப் பிறந்தவனிடம் வாயை மூடிக்கொண்ட அத்தா மேல்தான் ஆத்திரம். நடந்ததைச் சொன்னால் தம்பியை நம்பவில்லை என்றாகிவிடுமாம், அதனால் அதையும் மறைத்தார். நான் பல்லாவரத்தில் ஒரு ஆபீஸில் சேர்ந்தேன். மின்சார ரயிலில் போகும்போது தலைக்கு மேலே விமானம் தாழ்ந்து இறங்கும். நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

சில வருடங்கள் கழித்து சாச்சா ஒரு பெரிய கவருடன் என்னைத் தேடி வந்தார். அவர் மகளுக்கு ஆஸ்திரேலியாவில் இடம் கிடைத்திருந்தது. கதவை ஒருக்களித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பேப்பரெல்லாம் நீதாம்மா பாத்துக் குடுக்கணும். அண்ணனுக்குக்கூட இப்ப தெரிய வாணாம். கண்ணு பட்டுடும்."

"விசாரிக்கப் போன் வரும் சாச்சா. கடை நம்பரா குடுத்திருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப இன்னிக்கே அத்தாகிட்ட சொல்லிடுங்க. நீங்க இல்லாதப்ப வந்தா அவர்தானே எடுப்பார்?"

சிரித்தபடி தலையாட்டத் தொடங்கியவர் பாதியில் நின்றார்.

"அன்னிக்கு கடைக்கு வந்த போனு..." என்றார்.

நான் அவர் கையிலிருந்த கவரை வாங்கிக்கொண்டேன்.