ஆரல்வாய்மொழி வரை

கரமனையில் எங்கள் தெருவுக்கு அந்தக் காரால் ஒரு உபயோகமும் கிடையாது, இடைஞ்சல்தான். அம்மாவின் அப்பா திருநெல்வேலியில் ஓட்டிக்கொண்டிருந்த கார் அது. அவர் போனபிறகு, பெரியம்மாவுக்கு ஓட்டத் தெரியாது என்பதால் அம்மாவிடம் வந்து சேர்ந்தது. நீண்ட மூக்கு, அகன்ற தோள், பெரிய எஞ்சின், சும்மா நின்றாலும் ஒரு உறுமல். சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரகாரத்து வீடுகளின் முன்னால் அதை நிறுத்திவிட்டால் பால் கொண்டுவருபவரின் சைக்கிள்கூட ஒருக்களித்துத்தான் போகவேண்டும். என் வகுப்புப் பையன் ஒருவன் அதை மசில் கார் என்று மரியாதையாகச் சொன்னான். அப்பா அதை வெந்நீர் அண்டா என்றார்.

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மாவுக்குக் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, திரும்பும்போது ஏற்றிக்கொள்வாள். சாயங்காலம் பைபாஸில் வண்டிகள் நகராமல் நிற்கும். அப்போது டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைப் பார்த்து ஏற ஆரம்பிக்கும். அம்மா முதலில் ஏசியை அணைப்பாள். பிறகு கண்ணாடிகளை இறக்குவாள். அதற்கும் அடங்காவிட்டால் ஹீட்டரைப் போடுவாள். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் நாம் வாங்கிக்கொண்டால் அதற்கு ஆசுவாசமாக இருக்குமாம். வியர்த்து வழிய நாங்கள் வாங்கிக்கொள்வோம். அப்படியும் போதாமல் ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் ஆவி குபுகுபுவென்று வரும். உடனே ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிட முடியாது, ஆறவேண்டும். அதுவரை அம்மா சாலையோரக் கட்டையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்குகிறாள் என்று நினைத்து நான் பேசாமல் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா பேப்பரை மடித்துவிட்டு, விற்றுவிடு என்று சொன்னால் கேட்கிறாயா என்பார். அப்பா குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அம்மா செய்கிற எதிலும் அவருக்கு ஒரு குறை தட்டுப்படும், அதை மெதுவாக, அக்கறையோடு சொல்வார். சாம்பாரில் புளி, துவைத்த துணியில் நீலம், வாங்கிய கத்தரிக்காயில் விதை. அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். ஆபீஸ் புடவையோடே அடுப்பைப் பற்றவைப்பாள்.

அப்படிப்பட்ட அம்மா ஒருநாள், ரேடியேட்டரையே மாற்றப்போகிறேன் என்றாள். அப்பா சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மெக்கானிக் பாறசாலைக்காரர், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருந்தார். அவருக்கும் இதில் உற்சாகம் இல்லை.

"கழக்கூட்டம் போயிட்டு வரதுக்கு இது எதுக்கு சேச்சி? பழசைக் கழுவி அடைப்பெடுத்துத் தந்தா மதி, அதே போதும்."

"திருநெல்வேலி வரைக்கும் நிக்காம போகணும்," என்றாள் அம்மா.

"அதுக்கு ட்ரெயின் உண்டுல்லா?"

"ட்ரெயின்ல சாமான் நிறைய கொண்டுபோக முடியாது."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வரவழைத்தார். பழைய செம்பு ரேடியேட்டரைப் போல இரண்டு மடங்கு தடிமன். அது முன்பக்கச் சட்டத்துக்குள் நுழையவில்லை. சட்டத்தை வெட்டி, வேறு பட்டை வைத்து வெல்டிங் செய்து, எஞ்சினோடு சுற்றும் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு இரண்டு மின்விசிறிகளைப் பொருத்தினார். முதல் தடவை ஹோஸ் பைப் சரியாகப் பொருந்தாமல் கூலன்ட் முழுவதும் ஷெட் தரையில் பச்சையாக ஓடியது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா கோபிக்கவில்லை. "சாரமில்லை, போனா போகட்டும், திரும்பப் பண்ணுங்கோ," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். அந்த நாட்களில் கரமனையிலிருந்து கழக்கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள்.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்கப் பொன்முடிக்குப் போனோம், மெக்கானிக்கும் கூட வந்தார். விதுராவில் டீ குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் கார் இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறியது. நான் ரோட்டைப் பார்க்கவேயில்லை, முள்ளைத்தான் பார்த்தேன். அது நடுவுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. உச்சியில் மெக்கானிக் இறங்கி பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். அம்மா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பாடுபட்டு ஜெயித்த பிறகும் ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஓண விடுமுறையில் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். அப்பா வரவில்லை. வாசலில் நின்று, வழியில் கொதித்தால் போன் பண்ணு என்றார். டிக்கியில் ரொம்ப சாமான் இருந்தது. பெரியம்மாவுக்கு ஓணத்துக்கு ஏதோ கொண்டுபோகிறோம் என்று நினைத்தேன்.

நெய்யாற்றின்கரை நெரிசலில் ஊர்ந்தோம், முள் அசையவில்லை. களியக்காவிளையில் வரிசையாக லாரிகள், அப்போதும் அசையவில்லை. நாகர்கோவில் தாண்டியபிறகு வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஏசி போட்டபடியே போனோம். அந்தக் காரில் எனக்குக் குளிர்ந்தது அன்றுதான்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் அம்மா ஓரம் கட்டினாள். சூடாகவில்லையே என்றேன். பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனை எடுத்துக்கொண்டு இறங்கினாள். காற்றில் புடவை படபடத்தது, மறுமுனைப் பேச்சு சரியாகக் கேட்காததால் காரின் பக்கமாகத் திரும்பிக் குனிந்துகொண்டாள். அதனால் எனக்குக் கேட்டது.

"கிளம்பி வந்துண்டிருக்கேன் அக்கா... இல்லை, ரெண்டு நாளைக்கில்லை... அவர் ஒண்ணும் பண்ணலை. அடிக்கலை, குடிக்கலை. ஒண்ணுமே பண்ணலை... முடியலை, அவ்வளவுதான்."

பிறகு நெடுநேரம் அந்தப் பக்கமிருந்தே பேச்சு. அம்மா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றாள்.

"அத்திம்பேர் சொல்றதும் சரிதான். நாலு பேர் கேப்பா. எனக்குப் புரியறது. நீ அழாதே."

அத்திம்பேர் என்றது பெரியப்பாவை. அவர் என்ன சொன்னார், பெரியம்மா ஏன் அழுகிறாள் என்று நான் கேட்பதற்குள் அம்மா வந்து உட்கார்ந்து காரைக் கிளப்பினாள். கொஞ்ச தூரத்தில் அகலமான ஒரு இடம் பார்த்து, அந்த நீள மூக்கை முன்னும் பின்னுமாக நகர்த்தித் திருப்பினாள். வந்த வழியே போனோம். திருநெல்வேலிக்குப் போகாமல் போனதில் நான் அழுதேன். அம்மா நாகர்கோவிலில் எனக்குப் பழம்பொரி வாங்கித் தந்தாள்.

வாசலுக்கு வந்த அப்பாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"என்ன, பாதி வழியிலேயே கொதிச்சுடுத்தா?"

"ஆமாம்," என்றாள் அம்மா.

"இல்லப்பா, முள்ளு நடுவிலேயேதான்..." என்று ஆரம்பித்தேன். கையலம்பிண்டு வா என்று அம்மா என்னை உள்ளே அனுப்பினாள். அப்பா அன்று மிகவும் பிரியமாக இருந்தார். அவரே காபி போட்டுக் கொடுத்தார். மெக்கானிக் ஏமாற்றிவிட்டான், போகட்டும், உனக்குக் கார் வேண்டுமென்றால் சின்னதாக ஒன்று பார்க்கலாம் என்றார். அம்மா காபியை முழுவதும் குடித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிதர் சட்டத்தை வெட்டி, கையைச் சுட்டுக்கொண்டு செய்த வேலை. உள்ளறையில் அம்மா பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"கொதிக்கவே இல்லையே. ஏன் கொதிச்சுதுன்னு சொன்னே?"

அம்மா கையிலிருந்த துணியை மடித்தாள்.

"அப்படிச் சொன்னாதான் அப்பாவுக்குப் புரியும்."

அப்பாவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் என் பள்ளிக்கூடச் சீருடைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்து, அலமாரியில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். எல்லாமே இருந்தன, சாக்ஸ் உட்பட, மழைக்கோட்டும்கூட. ஓண விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சீருடையை யாராவது எடுத்து வைப்பார்களா? பாவம், அம்மாவுக்கு ஒரே அசதி, எதை எடுத்து வைக்கிறோம் என்றே தெரியாமல் வைத்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினேன்.