வெறும் வயிறு

திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாளராக இருந்தேன். மருந்துகளை ஊசியில் ஏற்றிக்கொடுப்பது என் வேலை. என்னைப் பெற்ற நைனாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்த அன்றும் நான்தான் ஏற்றினேன். என்ன தைரியம் எனக்கு!

குப்பியில் இருக்கும் மஞ்சள் நிறப் பொடியைக் கரைத்தால் பெண்டோதால் என்ற மயக்க மருந்து. நரம்பில் ஏறியதும் பேசிக்கொண்டிருப்பவர் பாதிப் பேச்சில் தூங்கிவிடுவார். அடுத்தது ஸ்கோலின். உடம்பு ஒருமுறை துடித்து, தசையெல்லாம் தளர்ந்துவிடும். மூச்சு நிற்கும், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆனால் இருமலும் நின்றுவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குத்தான் போகும். அதற்காகத்தான் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்கிறோம்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தம்பியும் அங்கே டிரைவர். லீவு முடிந்து, ஆபரேஷனுக்கு மறுநாள் அவனுக்கு பிளைட். நைனா கண் விழிப்பதைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அன்று காலை திருமலையிலிருந்து மொட்டைத் தலையோடு நேராக வந்திருந்தான்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நைனாவின் பல்செட்டைக் கழற்றச் சொன்னேன். வாயைத் திறந்ததும் நெய்யும் ஏலக்காயும் மணத்தது.

"நைனா, இன்னா துன்ன?"

"ஒன்னும் துன்னலம்மா. தம்பி பிரசாதம் குடுத்தான், துளியூண்டு. சாமி பிரசாதம் சாப்பாட்டுல சேருமா?"

டாக்டரிடம் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிவைப்பார். தம்பி பார்க்காமலே போய்விடுவான். துளிதானே என்று நினைத்தேன். நைனா ஏதாவது சாப்பிட்டாரா என்று டாக்டர் தெலுங்கில் கேட்டபோது, இல்லை என்று தலையாட்டினேன். பாவி நான்.

ஸ்கோலின் ஏறியதும் நைனாவின் கண்ணிமை துடித்தது, கால் விரல்கள் துடித்தன, அடங்கின. டாக்டர் மூச்சுக்குழாய் போட வாயைத் திறந்தார். தொண்டை நிறைய மஞ்சள் குழைவு, நடுவே முழு முந்திரி.

"சக்ஷன்!" என்று கத்தினார். உறிஞ்ச உறிஞ்ச வந்தது. நைனாவின் உதடு நீலமாகிக்கொண்டே போனது.

ஆபரேஷனை நிறுத்திவிட்டு அவரை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனோம். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "பாதி லட்டு ஊட்டினேன்க்கா. வாணாம்னாரு. சாமி கோச்சிக்கும் துன்னுன்னு நான்தான் சொன்னேன். அதனாலயா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லடா. நீ கெளம்பு," என்றேன்.

நான்காம் நாள் நைனா போய்விட்டார். மறுநாளே பிளைட் ஏறிவிட்ட தம்பியால் காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. போனில் அதே கேள்வியைக் கேட்டு அழுதான். அதே பதிலைச் சொன்னேன்.

அவன் மனசு உடையக் கூடாதென்றுதான் மறைத்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியில்லை. அவன் தெரியாமல் செய்தான், நான் தெரிந்தே செய்தேன். லட்டுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டால், தியேட்டர் வாசலில் நீ நைனாவைக் கேட்கவில்லையா அக்கா என்று அவன் கேட்பான்.