கழுவிய டப்பா

பெல்ட் நின்றது. என் பை ஸ்கேனரின் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எக்ஸ்ரே அக்கா ஒரு பித்தானை அழுத்தி, பையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தார். மறுபடி ஒரு சாண் முன்னுக்குத் தள்ளினார்.

“சார், டப்பாவுல என்ன?”

“பிரெட்.”

“நடுவுல?”

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லாத பிரெட்டை ஒரு மனுஷன் வீட்டுலேருந்து தூக்கிட்டு வருவாரா?”

எனக்குப் பின்னால் வரிசை முனகியது. டப்பாவைத் திறந்து காட்டினேன். அக்கா மேல் துண்டைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் வெண்ணெயைத் தவிர நிஜமாகவே ஒன்றும் இல்லை. “பாவம்” என்று சொல்லி மூடிக் கொடுத்தார். அது என்னைச் சொன்னதா, பிரெட்டைச் சொன்னதா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

எங்கள் அலுவலகம் இருக்கும் பதினோரு மாடிக் கட்டடத்தின் வாசலில் பைகளைச் சோதிப்பது அக்காவின் வேலை. ஐம்பதை நெருங்கும் வயது. நீலச் சீருடை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, இடுப்புக்கு அணைவாக மடித்து வைத்த ஒரு பழைய துண்டு. யார் முகத்தையும் பார்க்க மாட்டார். “முகம் நடிக்கும் சார். பைக்கு நடிக்கத் தெரியாது” என்பார். ஆட்களைப் பையை வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறார். ஆறாவது மாடி மேலாளர் அம்மா அவருக்கு ‘உடைஞ்ச குடை’. எட்டாவது மாடி வக்கீல் ‘மூணு சாவிக்கொத்து’. எனக்கு என்ன பெயர் என்று தெரியாமல்தான் இருந்தது. அந்த ‘பாவம்’ கேட்ட பிறகு ஊகித்துக்கொண்டேன்.

“இரும்புன்னா நீலமா தெரியும். திங்கிற சாமானெல்லாம் ஆரஞ்சு. வெடிக்கிற சாமானும் ஆரஞ்சுதான். அதனாலதான் சாப்பாட்டு டப்பாவை மட்டும் நம்பவே கூடாது. எதுக்கும் பார்த்துடுவோம்.” இந்த ‘எதுக்கும் பார்த்துடுவோம்’ அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை முறை வரும் என்று சொல்ல முடியாது. காய்கறிக் கடையில் வெள்ளரிக்காயின் முனையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். முட்டைக்கோஸைக் காதோரம் வைத்து அமுக்கிப் பார்ப்பார். கடைக்காரர் அவரைக் கண்டதும் தராசை இரண்டு முறை துடைக்கிறார் என்று கேள்வி. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்களே, அதெல்லாம் அக்காவைத் தாண்டிப் போகாதவர்கள் சொன்னது.

ஆனால் இதையெல்லாம் நான் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்தது சென்ற வருடம் வரைக்கும்தான்.

அக்காவின் கணவர் இதே கட்டடத்தில் லிப்ட் மெக்கானிக். மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைதான் அவருக்கு வேலையிடமும் சாப்பாட்டு இடமும். சென்ற வருடம் ஒரு நாள், பழுது பார்க்க லிப்டை நிறுத்திவைத்திருந்த நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் நிறுத்திய லிப்டை ஓட்ட வேறு ஆள் இல்லை. பதினோரு மாடிப் படிகளிலும் ஸ்ட்ரெச்சரில் சுமந்து, அக்காவின் ஸ்கேனரைத் தாண்டித்தான் கொண்டுபோனார்கள். இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், தினமும் பாதித் தட்டு காய்கறியும் இலையுமாக இருக்க வேண்டும், எண்ணெயில் பொரித்ததைத் தொட்டால் அடுத்த முறை தன்னிடம் வந்து சேரும்வரை தாங்குமா என்று சொல்ல முடியாது என்றாராம்.

“தினம் ஆயிரம் பைக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றேன்,” என்று ஒரு நாள் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “இத்தனை வருஷமா பக்கத்துலயே இருக்கிற மனுஷனுக்கு உள்ள அடைச்சிருந்தது எனக்குத் தெரியலை பாருங்க.” நான் என் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

அதன் பிறகு மெக்கானிக்கின் பையில் தினமும் ஒரு சாலட் டப்பா. பச்சைக் காய்கறிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அந்த ஆரம்பகாலச் சாலட்டைப் பற்றி நடுநிலையாகவே சொல்கிறேன். கழுவிய ஈரத்தோடு கிழித்துப் போட்ட லெட்டூஸ் இலை, கட்டைவிரல் பருமனில் கேரட், வட்டம் வட்டமாக வெள்ளரி, ஓரத்தில் கொஞ்சம் வேகவைத்த கொண்டைக்கடலை, மேலே ஒரு அவித்த முட்டை. மதியத்துக்குள் வெள்ளரி தண்ணீர் விட்டு, இலைகள் அதில் குளித்துக்கொண்டிருக்கும்.

“புலி பசிச்சாலும் புல்லைத் திங்காது” என்று மெக்கானிக் பெல்ட்டில் பையை வைத்தபடி முணுமுணுப்பார்.

“புலிக்கு நெஞ்சு அடைச்சா திங்கும். நகருங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க.”

மெக்கானிக் சாப்பிடும் நேரத்தில் அக்காவால் இருக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. மாற்று ஆள் வருவதற்குள் அவருடைய சாப்பாடு முடிந்துவிடும். “பை உள்ள போறது தெரியுது. டப்பா உள்ள போறது தெரியுது. சாப்பாடு உள்ள போகுதான்னுதான் தெரியலை” என்று புலம்புவார். அதைவிட அவரை அரித்தது வேறொன்று. சாயங்காலம் டப்பா பளபளவென்று கழுவித் துடைக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

“வீட்டுல குடிச்ச தம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷன் சார். டப்பாவைத் தேய்ச்சுக் கழுவிக் கொண்டுவர்றாரு. எதுக்கு?”

“உங்களுக்கு உதவியா இருக்கட்டும்னுதான்.”

“உதவியா?” அந்தச் சொல்லையே ஸ்கேனரில் போட்டுப் பார்ப்பதுபோல் இழுத்துச் சொன்னார். “நீங்க மத்தியானம் காத்து வாங்க மேலதானே போறீங்க? ஒரு கண்ணு போட்டுட்டு வாங்களேன்.”

ஒற்றன் வேலைக்கு நான் புதிது. ஆனால் மாட்டேன் என்று சொன்னால் மறுநாள் என் பிரெட் என்ன பாடு படும் என்று தெரியும். போனேன்.

மோட்டார் அறையின் நிழலில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின்மேல் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். டப்பாவைத் திறந்தார். முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மீதியை அப்படியே தரையில் கொட்டினார். அழைப்பு வைத்திருந்தாற்போல் புறாக்கள் வந்து இறங்கின. பிறகு சட்டைப் பையிலிருந்து எண்ணெய் ஊறிய பொட்டலம் ஒன்று வெளியே வந்தது, பொரித்த உருளைக்கிழங்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். முழுச் சாப்பாட்டையும் புறாவுக்குள் மறைக்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

“பார்த்துட்டீங்களா?”

“பார்த்துட்டேன்.”

“அவகிட்ட சொல்லிடாதீங்க சார். மனசு தாங்க மாட்டா.”

“உங்க நெஞ்சு தாங்குமா?”

அவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார். “நானும் ஆசைப்பட்டா பண்றேன்? புறாகூட இலையைத் தொட மாட்டேங்குது. கடலையை மட்டும் பொறுக்கிட்டுப் போயிடுது. நான் மட்டும் தின்னணுமாம்.”

புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் மூன்றாம் ஆள் உண்மை பேசினால் இரண்டு பக்கமும் அடி விழும். ஆகவே பொய் சொல்வதென்று முடிவுசெய்துகொண்டு கீழே வந்தேன்.

“சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டார் அக்கா. நல்லாவே சாப்பிட்டார்.”

அக்கா முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தார்.

“சட்டையில என்ன சார், வெள்ளையா?”

புறா தன் வாக்குமூலத்தை என் தோளிலேயே எழுதி அனுப்பியிருந்தது. அக்கா இடுப்பிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். நான் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெரிய சண்டைக்கான தொடக்கமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“புறா எதை விட்டுச்சு?”

“இலையை. வெள்ளரியை. கேரட்டை.”

“எதை முதல்ல கொத்துச்சு?”

“கடலையை.”

“அவரு?”

“முட்டையை. அப்புறம்...” பொட்டலத்தைப் பற்றியும் சொல்லித் தொலைத்தேன்.

அக்கா இரண்டு பைகளைப் பார்த்து அனுப்பினார். “மொறுமொறுப்புக்கும் உப்புக்கும் நாக்கு அலையுது. அது நம்ம டப்பாவுல இல்லை. அவர் மேல தப்புதான். டப்பா மேலயும் தப்பிருக்கு.” பிறகு, வழக்கம்போல, “எதுக்கும் பார்த்துடுவோம்.”

அன்றிலிருந்து அவருடைய சந்தேகம் கணவரை விட்டுவிட்டுச் சாலட்டின் மேல் பாய்ந்தது. ஒவ்வொரு காயையும் தனித்தனியாக நிறுத்தி விசாரித்தார். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாமல் வழுக்கி அடியில் போய்ச் சேர்கிறது என்று கண்டுபிடித்து, கழுவிய லெட்டூஸைத் துண்டில் பரப்பி உலர்த்தினார். வெள்ளரியை உப்புப் போட்டுப் பிசிறி வைத்து, விட்ட தண்ணீரைப் பிழிந்து கொட்டினார். “தண்ணிய டப்பாவுல விடுறதை விட வீட்டுலயே விட்டுடட்டும்.” கேரட்டைச் சீவலாகச் சீவினார். வெங்காயத்தை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து அதன் வாயை அடக்கினார். எண்ணெய், எலுமிச்சை, மிளகு, ஒரு துளி தேன் எல்லாம் குலுக்கி ஒரு சின்னப் புட்டியில் தனியாக. கொட்டிக்கொள்வது சாப்பிடும் நேரத்தில். சுட்டு நறுக்கிய ரொட்டித் துண்டுகள், நமத்துப் போகாமல் தனிக் காகிதத்தில். கடலையை இரட்டிப்பாக்கினார். வறுத்த வேர்க்கடலையை முழுசாகப் போடாமல் ஒன்றிரண்டாக உடைத்து எல்லாவற்றின் மேலும் தூவினார். “முழுசா போட்டா அதை மட்டும் பொறுக்குவாரு. இப்ப பொறுக்கட்டும் பார்ப்போம்.”

இவ்வளவு செய்தும் தன் கையையே நம்பவில்லை. தனக்கும் அதே சாலட்டை ஒரு டப்பாவில் கொண்டுவந்து, மதிய இடைவேளை வரை திறக்காமல் வைத்திருப்பார். “காலையில எல்லாமே ருசிதான் சார். மத்தியானமும் வாய்க்குப் பிடிக்குதான்னு பார்க்கணும். மருந்து மாதிரி கொடுத்தா எத்தனை நாளைக்கு முழுங்குவாரு? நாளைக்கும் இதுவே வேணும்னு தோணணும். அப்பதான் அது சாப்பாடு.” ஒரு நாள் எனக்கும் மூடியில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தார். மென்றேன். முதலில் புளிப்பு, அப்புறம் உப்பு, நடுவில் எங்கிருந்தோ ஒரு நொறுங்கல். இலை என்பதே எனக்கு மறந்துபோயிற்று. என் வெண்ணெய் பிரெட்டை அன்று திறக்கவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

கணவரிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெக்கானிக் ஒரு நாள் லிப்டில் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். “சார், என்னமோ நடக்குது. சந்தேகமா இருக்கு.”

“என்ன?”

“டப்பா நல்லா இருக்கு. திட்டும் இல்லை. என்ன மனசுல வச்சுக்கிட்டு இப்படிப் பண்றான்னே தெரியலை.” ஜாடிக்கேற்ற மூடி.

அதற்குப் பிறகு ஒரு மதியம் வாசலில் புறாக்களைப் பார்த்தேன். நாலைந்து புறாக்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கூட்டம் நகர்வதற்காகக் காத்திருப்பவை போல அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தன. இத்தனை வருடத்தில் அவை கீழே வந்து நான் பார்த்ததில்லை.

“பார்த்தீங்களா அக்கா? மேல கிடைக்கலை போல. அதான் இறங்கி வந்துடுச்சு.”

அக்கா பார்த்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே அடக்கிக்கொண்டார். “எவனாவது வாசல்ல பிஸ்கட்டை உதிர்த்திருப்பான். புறா சாட்சியை எல்லாம் நம்ப முடியாது.”

அன்று சாயங்காலம் மெக்கானிக் வேலை முடிந்து இறங்கி வந்தார். அக்காவுக்கு இன்னும் அரை மணி நேர வேலை பாக்கி. மாலை வேலைக்கு வருகிறவர்கள் பைகளோடு வரிசையில் நின்றார்கள். டப்பாவை அவர் மேஜைமேல் வைத்தார். மூடியின் ஓரத்தில் எண்ணெய் வழிந்து காய்ந்திருந்தது. “கழுவ மறந்துட்டேன்” என்றார்.

அக்கா அதைக் கையில் எடுக்கவில்லை. கண்ணாலேயே சைகை காட்டினார். மெக்கானிக் மறுபேச்சு பேசாமல் டப்பாவைப் பெல்ட்டில் வைத்தார். டப்பா உள்ளே போயிற்று. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரையில் டப்பாவின் வெறும் கோடு, குறுக்கே நீலமாக ஒரு கரண்டி. டப்பா பாதி வெளியே வந்ததும் பெல்ட்டை நிறுத்தி, பின்னுக்கு இழுத்தார். மூலையில் ஆரஞ்சாக ஒரு பொட்டு.

டப்பா வெளியே வந்தது. திறந்து, மூலையில் ஒட்டியிருந்த ஒற்றைக் கொண்டைக்கடலையை இரண்டு விரலால் எடுத்துக் கணவரின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“வாயைத் திறங்க.”

“எல்லாரும் பார்க்கிறாங்க.”

“பார்க்கட்டும்.”

திறந்தார். போட்டார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். மெக்கானிக் மென்று விழுங்கும்வரை அக்கா திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே, கண் கலங்க, பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறுபடியும் திறங்க.”

மெக்கானிக் இன்னொரு முறை வாயை ஆவென்று திறந்தார். அக்கா கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். பிறகுதான் பெல்ட் நகர்ந்தது.