சித்தப்பாவின் சிவப்புக் கார்

காலை எட்டேகால் மணி. அப்பா இறந்தபின் ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்த எங்கள் வீட்டின் நிலவறையைக் காலி செய்தபோது முதலில் கண்டது பந்தயக் கார் விளையாட்டுப் பெட்டியை. திறந்ததும் மோட்டார் எண்ணெய் மணத்தது.

அப்பா பழைய பொருள் சந்தையில் வாங்கியது. மூடியில் அறுபதுகளின் சினிமா நடிகர் ஒருவர் விசையை அழுத்திக்கொண்டு சிரிப்பார். "பார் பிள்ளை, நடிகருக்கே இதில விசர்!" என்பார் அப்பா.

ஞாயிறுகளில் தடத்தைத் துண்டு துண்டாய்த் தரையில் பூட்டுவோம். மின்சாரத் தடத்தின் பள்ளத்தைப் பிடித்தபடி என் நீலக் கார் தனியே சுற்றும்.

"சிவப்பையும் விடுங்கோவன், அப்பா."

"ஏலாது. அது சித்தப்பான்ர. அவன் வந்து ஓட்டட்டும், நீ தோக்கிறதைப் பாப்பம்."

சித்தப்பா எங்களிடம் வருவதற்காகக் கொழும்பில், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பயண முகவருக்காகக் காத்திருந்தார். பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் சிவப்புக் காரைத் துடைத்துத் தொடக்கக் கோட்டில் வைத்தார்.

இன்று இரண்டு கார்களையும் திருப்பிப் பார்த்தேன். நீலக் காரின் ரப்பர் சக்கரங்கள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. சிவப்புக் காரின் சக்கரங்களில் வரிகள் அப்படியே இருந்தன.